தடயம் வைக்காத திருக்கை

காலை ஆறு பத்து. சின்னசேலத்திலிருந்து நைனார்பாளையம் போகும் சாலையில் பஸ் பழுதாகி நின்றிருந்தது. ஜன்னல் வழியே முதலில் கண்ணில் பட்டது ஒரு குவியல். வெள்ளையும் பழுப்புமாக, ஓட்டு வீட்டுக் கூரை உயரத்துக்கு மட்டி ஓடு, கடலோரச் சேற்றில் கிடைக்கிற சிப்பியின் ஓடு. சுற்றிலும் மக்காச்சோளக் காடு. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் யோசித்துக் கை காட்டுகிற ஊர். குவியலின் ஓரத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

இறங்கிப் போய், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். நான் யார் என்று அவர் கேட்கவில்லை.

"தண்ணி ஊத்தி எடை ஏத்திக்கீறானுங்களான்னு பாக்கறன். வழியில எவனோ துன்றான் சார்."

கள்ளக்குறிச்சிக்கு ஒரு நாளிதழின் செய்தியாளனாக நான் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதற்கப்புறம் அவரைப் பல வருஷம் பார்த்தேன். எங்கே பார்த்தாலும், பேச்சு எதில் தொடங்கினாலும், அந்த வாக்கியத்தில் வந்துதான் நின்றது. எவனோ துன்றான்.

முட்டைக்கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை ஓடு தோல் மாதிரி மெலிந்துவிடும். அதற்காகத் தீவனத்தில் மட்டி ஓட்டைக் குருணையாக அரைத்துக் கலப்பார்கள். அவருடைய ஆலையில் அரைபட்ட குருணை நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போனது. ஆலையும் வீடும் ஒரே மதிலுக்குள். ஓட்டுத் தூசி அவருடைய புருவத்திலும் காது மடலிலும் படிந்து, நாற்பது வயதிலேயே அவரைக் கிழவராகக் காட்டியது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. இடுப்பில் சாவிக்கொத்து. வீட்டில் எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். அவருடைய மனைவி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "மாதாவுக்கு ஏத்தி வெச்ச மெழுவத்தி எவ்ளோ எரிஞ்சிக்கீதுன்னுகூட பாப்பாரு" என்பார். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார். அவரும் மறுக்க மாட்டார்.

முதலில் தின்றவன் தம்பி. கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளமும் வாங்கி அடுக்கியிருந்த காலம் அது. மூட்டைகள் எடை குறைந்துகொண்டே வந்தன. கிடங்குச் சாவி தம்பியிடம் இருந்தது. அண்ணன் நேராகக் கேட்கவில்லை. சாப்பிடும்போது தம்பியின் பிள்ளைகள் தட்டைப் பார்த்து, "வூட்ல எத்தினி வாய்டா" என்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கல்வராயன் மலைக்குப் போய் வெள்ளிமலையில் ஒரு சின்னக் கடை போட்டுக்கொண்டார். பிறகு ஒருநாள் கிடங்கின் பின்சுவரை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. சுவருக்குள் எலிவளை, வளை முழுக்கச் சோளம். வேலையாட்கள் கூடையில் அள்ளினார்கள். அவர் நின்று பார்த்தார். தம்பியைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன்.

"எலி இவ்ளோதான் துன்னும் சார். மீதி?"

லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஓடு ஏற்றப் போன இடத்தில்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் வெள்ளாறு கடலில் சேருமிடத்தில் ஒரு சிறிய மீனவர் தெரு. மனைவியின் தம்பி சூசைதான் அங்கே ஓடு சேர்த்து லாரி ஏற்றி அனுப்புகிறவர். தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்தத் தெருப் பெண்கள் இடுப்பளவுச் சேற்றில் இறங்கிக் காலால் துழாவி மட்டி எடுப்பார்கள். வேகவைத்துச் சதையை விற்பார்கள். ஓடு சூசையிடம் வரும். சூசையிடமிருந்து இங்கே வரும். அந்தச் சேற்றுத் திட்டில் மட்டி இருக்கிற வரைக்கும் அந்தத் தெருவுக்கும் பிழைப்பு, இந்த ஆலைக்கும் பிழைப்பு. இரண்டு பக்கத்துக்கும் இது தெரியும்.

கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகி வழியாக இறங்கி, மணிமுத்தாற்றில் கலந்து, வெள்ளாறாகி அங்கேதான் கடலைத் தொடுகிறது. ஒரு வருஷம் மலையில் அடைமழை. கச்சிராயபாளையத்துக்கு மேலே கோமுகி அணை நிரம்பி வழிந்தது. நான் படம் எடுக்கப் போயிருந்தேன். அவரும் வந்திருந்தார், ஆற்றோரத்தில் அவருக்குக் கரும்பு இருந்தது. அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் கழிமுகத்தில் போய்ப் பல நாள் நின்றது. மட்டிக்கு உப்பும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும், ஓர் அளவோடு. உப்பு இல்லாமல் திட்டு முழுக்க வாய் பிளந்து செத்தது. செத்த ஓடு ஒரு மாதம் லாரி லாரியாக வந்தது. அவருக்கு மகிழ்ச்சி. அதற்கப்புறம் லாரி பாதியாக வந்தது.

மழைத் தண்ணீரில் செத்துவிட்டது என்று சூசை போனில் சொன்னார். அவர் நம்பவில்லை. தண்ணீர் எதையும் தின்னாது என்பது அவர் கட்சி. தோண்டித் துருவிக் கேட்டபோது, கடல் தண்ணீர் ஏறும் நேரத்தில் குருவித் திருக்கை கூட்டமாக உள்ளே வரும், சேற்றைக் கிண்டி மட்டி தின்னும் என்று சூசை வாயை விட்டுவிட்டார். குருவி மாதிரி இறக்கையடித்துப் போகிற திருக்கை. திட்டில் அது கிண்டிய குழிகள் வட்டவட்டமாக இருக்கும். எப்போதும் வருகிறதுதான், எங்கள் தாத்தா காலத்திலும் வந்தது என்று சூசை அதே மூச்சில் சொன்னதாக அவருடைய அக்கா பிறகு என்னிடம் சொன்னார். கணவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

மறுநாள் காலை என் அறைக்கே வந்துவிட்டார். திருக்கையைப் பற்றி நியூஸ் போட வேண்டும் என்றார். வெள்ளம் பற்றியும் சேர்த்து எழுதினால் போடலாம் என்றேன். அது வேண்டாம் என்று எழுந்து போனார். பத்திரிகைக்காரனும் எங்கேயோ தின்கிறான் என்று வெளியில் யாரிடமோ சொன்னாராம்.

அந்த மாதமே பெரிய கண்ணி வைத்த திருக்கை வலைகளை வாங்கிச் சூசையின் தெருவுக்குச் சும்மா கொடுத்தார். எதையும் சும்மா கொடுத்து அவரை யாரும் பார்த்ததில்லை. கூடவே கள்ளக்குறிச்சியில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுபோய் படகுத் துறையில் கட்டினார். 'நம் மட்டியைத் தின்னும் எதிரி' என்று சிவப்பு எழுத்து, நடுவில் ஒரு பிரம்மாண்டத் திருக்கை. ஃப்ளெக்ஸ் கடைப் பையன் இணையத்தில் கண்ணுக்கு நன்றாகப் பட்ட படத்தைப் போட்டுவிட்டான். துறையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து சிரித்தார்கள்.

"இது கொம்புத் திருக்கை மாமா" என்றார் சூசை. "இது கூனி எறாவ வடிகட்டித் துன்றது. மட்டி பக்கமே வராது."

"திருக்கைதானே? இருக்கட்டும்."

ஃப்ளெக்ஸ் அப்படியே இருந்தது. வலைகளும் வேலை செய்தன. இலவசமாக வலை வருகிறது, திருக்கைக் கறிக்குச் சந்தையில் ஆள் இருக்கிறது, யார் வேண்டாம் என்பார்கள். சூசையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அவர் என்னிடம் மறைக்கவும் இல்லை.

ஒருநாள் ஓட்டு லாரியிலேயே ஐஸ் போட்டு ஒரு திருக்கை வந்தது. கேட்டு அனுப்பச் சொன்னவர் அவர்தான். ஆலை முற்றத்தில் தார்ப்பாய் விரித்துப் போட்டார்கள். வேலையாட்கள் அரவையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். அன்றைக்கு நானும் இருந்தேன். தன் ஓடு அதன் வயிற்றில் இருப்பதை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். லாரியோடு வந்திருந்த சூசை கத்தியை இழுத்து வயிற்றைத் திறந்தார். உள்ளே வெளுத்த சதைத் துணுக்குகள். நாக்கு மாதிரி மட்டிக் கால்கள். சின்னச் சங்குகளின் மூடிகள். ஒரு நண்டுக் கொடுக்கு. ஓடு ஒரு சில்லுகூட இல்லை.

"எங்கடா ஓடு?"

"ஓடு உள்ள போவாது மாமா. பல்லப் பாருங்க, அம்மிக்கல்லு மாதிரி தட்டையா கீது. நொறுக்கி, ஓட்டத் துப்பிட்டு, சதைய மட்டும் முழுங்கும்."

அவர் குனிந்து வாய்க்குள் பார்த்தார். நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"பாத்தீங்களா? தடயமே வெக்கல."

சூசை அந்தச் சங்கு மூடிகளைக் கத்தி முனையால் ஒதுக்கிக் காட்டினார். மட்டி ஓட்டில் துளை போட்டு உறிஞ்சுகிற சங்கு அது, அதையும் இந்தத் திருக்கைதான் தின்று குறைக்கிறது, இது இல்லையென்றால் அது பெருகும் என்றார். அவர் அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தார். சூசை இன்னும் கொஞ்சம் கீறியபோது உள்ளே ஒரு குட்டி இருந்தது. இறக்கைகளை உடம்போடு சுருட்டிக்கொண்டு, வாலை மடித்துக்கொண்டு, முழுதாக. ஐஸில் செத்திருந்தது. வருஷத்துக்கு ஒன்று போடும், அபூர்வமாய் ரெண்டு என்றார் சூசை. அவர் திரும்பி வந்து பார்த்தார்.

"இன்னொரு வாய்" என்றார்.

ஒரே ஒரு வேலையாள் சிரித்தார். அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பருவத்தில் பிடித்த திருக்கையை அந்தப் பக்கத்துச் சந்தைகளால் வாங்கித் தீர்க்க முடியவில்லை. மீதியைக் கீறி உப்பு போட்டுக் காயவைத்தார்கள். வேறொரு வேலையாக வெள்ளிமலை போனபோது தம்பியின் கடையில் அது தொங்கியது. தம்பி தராசைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எங்கண்ணன் புடிக்கச் சொன்னதுதான் சார். மலையில நல்லாப் போவுது. அவரு துன்றவனத் தேடிக்கினே கீறாரு. நாங்க துன்னுக்கினு கீறோம்."

ஆலை வீட்டில் திருக்கை சமைப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மனைவி அதில் குழம்பு வைத்தபோது சட்டியோடு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். எதிரியின் கறி வேண்டாம் என்றாராம்.

அடுத்த கோடைக்குள் கழிமுகத்தில் உப்பு பழைய அளவுக்கு ஏறியது. திட்டில் குஞ்சு மட்டி பிடித்தது. விரல் நகம் அளவு, சேற்றில் கை வைத்த இடமெல்லாம் இருந்ததாகச் சூசை சொன்னார். குஞ்சில் எடுத்து விற்கிற அளவுக்குச் சதை கிடையாது. அந்தத் தெருப் பெண்கள் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் ஓடு மெலிசு. அரவை இயந்திரத்தின் சுத்தியல்கள் தேயாது, கரன்ட் கம்மி. பெரிய ஓட்டோடு கொஞ்சம் பொடிசு தப்பித் தவறி வந்து அரைபட்டபோது அவர் இதைக் கண்டுபிடித்தார். பெருசு வருகிற வரைக்கும் பொடிசே அனுப்பு என்றார். திருக்கை வந்து தின்பதற்குள் நாம் எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். திருக்கை அந்த வருஷம் ஏறக்குறைய வரவே இல்லை.

குஞ்சை வேகவைத்துச் சதை எடுப்பவர் யாரும் இல்லாததால் உயிரோடு அள்ளி அப்படியே ஏற்றினார்கள். குவியலுக்குள் அது அழுகியது. நைனார்பாளையம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அதைப் பற்றிக் கேட்கத்தான் அன்று நான் போயிருந்தேன். அலுவலக அறையில் சூசை நின்றிருந்தார். காலை பஸ் பிடித்து வந்திருக்கிறார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"ஒரே ஒரு வருஷம் வுட்டுடுங்க மாமா. பொடிசு வாணாம். அது பெருசாயி முட்ட வுட்டுதுன்னா திட்டு பழையபடி ஆயிடும். நீங்க எடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா, தெருவுல எவரும் சேத்துல கால் வெக்க மாட்டாங்க."

"நான் வுட்டா வேற எவன் எடுப்பான்?"

"எவனும் எடுக்க மாட்டான். பொடிசு கேக்கறது நீங்க ஒருத்தருதான்."

அவர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அவன் ஒனக்கு இன்னா குடுக்கறான்?"

"எவன் மாமா?"

"அதத்தான் நானும் கேக்கறன்."

சூசை என்னைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம், உள்ளே அக்கா இருக்கிற திசையில் பார்த்தார். சாப்பிடாமல் போய்விட்டார். லாரி அடுத்த வாரமும் வந்தது, பொடிசோடு. ஆலைக்காரர் வேண்டாம் என்று சொல்லாதவரை பெண்களுக்கு அது கூலி. ஒருத்தி அள்ளாவிட்டால் பக்கத்தில் நிற்பவள் அள்ளுவாள்.

பெரிய மட்டியைச் சூசை வேறு ஆலைக்கு விற்கிறார், தனக்குப் பொடிசைத் தள்ளுகிறார் என்பது அதற்கப்புறம் அவருடைய முடிவு. சூசையின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. வாங்க சார், கடலைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். மனைவி பின்சீட்டில் குழந்தைக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கோயில் முடிந்து பந்தியில் இலை போட்டிருந்தார்கள். அவரைக் காணவில்லை என்று தேடினார்கள். நான் வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே குப்பைமேட்டில் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். ஓடு, மீன் முள், கோழி எலும்பு, முட்டை ஓடு. மட்டி ஓட்டை மட்டும் தனியே ஒதுக்கி, பெரிது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. சூசையும் சூசையின் மனைவியும் வந்து நின்றார்கள். இடுப்பில் குழந்தை, நெற்றியில் இன்னும் எண்ணெய் காயவில்லை.

"பெருசு இல்ல மாமா" என்றார் சூசை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இருந்தா ஒங்களுக்குத்தான் அனுப்பியிருப்பன்."

அவர் நிமிரவில்லை. சூசையின் மனைவிதான் பேசினார்.

"அண்ணே, எச்ச எலை அந்தாண்ட போட்டுக்கீது. அதையும் ஒரு தரம் பாத்துடுங்க."

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேலி என்று அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய மனைவி கொலுசை வாசல் மாடத்தில் வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அன்று எங்கள் மூன்று பேருக்கும் போட்ட இலைகள் அப்படியே இருந்தன. திரும்பும் வழியில், விருத்தாசலம் தாண்டியதும் அவர்தான் சொன்னார், பொழுது சாய்வதற்குள் குப்பையை எங்கேயோ மாற்றியிருப்பார்கள் என்று.

மறு வருஷம் சேற்றோடு கறுத்த பழைய ஓடு கால் லாரி வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. திட்டில் இப்போது துளை போடும் சங்கும் சேறும்தான் என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொன்னார்கள். திருக்கை வலைகளில் எதுவும் விழாததால் சுருட்டிப் படகின் மேல் போட்டுவிட்டார்கள். பெண்களில் சிலர் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகிறார்கள். சூசை மங்களூரில் விசைப்படகுக்குப் போய்விட்டார். அக்காவுக்குப் போன் செய்வதை நிறுத்தினார், அல்லது அக்காதான் நிறுத்தச் சொன்னார். அந்த வீட்டில் போன் வந்தால் யார், எதற்கு என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஆலை நிற்கவில்லை. அரியலூர்ப் பக்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் வந்தது. கோழிக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் லாரி இறங்கிய அன்று வழியில் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். முகத்தில் பழைய கலகலப்பு.

"கல்லு சார். இத எவன் துன்னப் போறான்?"

ஒரு மாதத்தில் கல் லாரிகளை இரண்டு தடவை எடை போட ஆரம்பித்திருந்தார்.

போன பங்குனியில் அவருக்கு நெஞ்சுவலி. கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கடைசியாக வண்டியில் என்ன சொன்னார் என்று ஓட்டுநரைச் சிலர் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லையாம், இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாராம். வெள்ளிமலையிலிருந்து தம்பி வந்து எல்லாக் காரியத்தையும் எடுத்துச் செய்தார். அடக்கத்தன்று பிற்பகல், பூசை தொடங்குவதற்குச் சற்று முன்னால், மங்களூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிச் சூசை வந்து சேர்ந்தார். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் பையிலிருந்து எடுத்து அக்காவின் தோளில் போட்டார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு எல்லோரோடும் திரும்பி வந்து, கை கால் கழுவி, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, கடைசி ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

ஆலை மதிலுக்குள்ளிருந்து வெளியே போகிற எவருடைய பையையும் திறந்து பார்க்காமல் விடக் கூடாது என்பது இறந்தவர் வாட்ச்மேனுக்குப் போட்டிருந்த உத்தரவு. கேட்டருகே சூசையை நிறுத்தி வாட்ச்மேன் பையை வாங்கித் திறந்தார். உள்ளே ஒரு லுங்கியும், ஈரத் துண்டும், பாதி காலியான தண்ணீர் பாட்டிலும் இருந்தன.